நீலக் கட்டையும் மோட்டார் ரூமும்

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்துக்குத் தண்ணீர் இரண்டு வழியாக வருகிறது. கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், 1955-ல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையின் கீழ்பவானி வாய்க்காலும் ஒரு வழி. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்திலும், வாய்க்கால் அடைத்த மாதங்களிலும் கிணறும் ஆழ்குழாயும்தான் கதி. கரும்பு, மஞ்சள், வாழை, தென்னை என்று எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு மாதத்தில் மோட்டாரை நம்பித்தான் நிற்கிறது.

1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோவைப் பகுதியின் முகம் மாறியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். பிறகு கோவை மோட்டாரும் பம்பும் இந்தியா முழுக்கப் போயின. 1990-ல் தமிழ்நாட்டு உழவர்கள் எல்லோருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. ஆனால் மும்முனை மின்சாரம் நாள் முழுக்கக் கிடைக்கும் என்ற உறுதி மட்டும் நெடுங்காலம் வரவில்லை. பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறை வைத்து விட்டார்கள். நள்ளிரவில் கரண்ட் வந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். கட்டுவிரியன் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். சத்தியமங்கலம் காட்டோரத் தோட்டமாக இருந்தால் யானைப் பயமும் சேர்ந்துகொள்ளும்.

கொங்கு நாட்டில் ரிலே மோகம் இந்த நடையிலிருந்துதான் பிறந்தது. முதலில் கரண்ட் வந்ததும் தானே ஓடும் ‘ஆட்டோ’ பெட்டி வந்தது. அடுத்து செல்போனில் மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும் பெட்டி. இப்போது பாலிடெக்னிக் படிக்கும் பையன் இணையக் கடையில் நூறு, இருநூறு ரூபாய்க்கு ஐந்து வோல்ட் ரிலே பலகை வாங்கி, ஒரு மைக்ரோகன்ட்ரோலரையும் சேர்த்து, “அப்பா, இனிமேல் கட்டிலில் படுத்துக்கொண்டே மோட்டார் போடலாம்” என்கிறான். போடலாம்தான். அந்தப் பலகையில் இருக்கும், தீப்பெட்டியை விடச் சிறிய நீலக் கட்டையை எந்த இடத்தில் வைக்கிறான் என்பதைப் பார்த்துத்தான் அதற்குச் சம்மதிக்க வேண்டும்.

ரிலே என்பது இந்த நீலக் கட்டைதான். அதற்குள் ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. ஐந்து வோல்ட் கொடுத்தால் அது காந்தமாகி ஒரு சிறு இரும்புத் தகட்டை இழுக்கும். தகட்டோடு சேர்ந்த உலோகப் புள்ளி இடம் மாறும். வெளியே மூன்று திருகு முனைகள் தெரியும்: நடுவில் பொதுமுனை, ஒரு பக்கம் சும்மா இருக்கும்போது திறந்திருக்கும் முனை, மறுபக்கம் சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் முனை. சுருள் ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். மைக்ரோகன்ட்ரோலரின் கால் ஒன்றால் அவ்வளவு தர முடியாது என்பதால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் நிற்கிறது. சுருளை விடுவிக்கும் கணத்தில் எதிர்த்து எழும் மின்னழுத்தத்தை விழுங்கச் சுருளின் குறுக்கே ஒரு டையோடு உண்டு. பலகையாக வாங்கினால் இவை ஏற்கெனவே பற்றவைக்கப்பட்டிருக்கும். தனி ரிலே வாங்கிச் சொந்தமாகப் பற்றவைப்பவர்கள் டையோடை மறந்துவிட்டு, டிரான்சிஸ்டர் ஏன் சாகிறது என்று தேடுவார்கள்.

பல பலகைகளில் ஆப்டோகப்ளர் என்ற கறுப்புச் சில்லும் இருக்கும். இதைப் பற்றிய தவறான நம்பிக்கை ஒன்று பரவலாக உலவுகிறது. ஆப்டோகப்ளர் இருப்பதால் 230 வோல்ட் நம் பக்கம் வராது என்று நினைக்கிறார்கள். அந்தச் சில்லு பிரிப்பது கன்ட்ரோலரையும் ரிலேச் சுருளையும்தான். அதுவும் இரண்டுக்கும் தனித்தனி ஐந்து வோல்ட் கொடுத்து, பலகையின் ஓரத்திலுள்ள சிறு ஜம்பரை உருவினால்தான் முழுப் பயன். மின்வாரியக் கரண்டிலிருந்து நம்மைக் காப்பது ரிலேயின் உள்ளே சுருளுக்கும் புள்ளிக்கும் நடுவிலிருக்கும் பிளாஸ்டிக்கும் காற்றிடைவெளியும், பலகையின் அடியில் இரு பக்கத் தடங்களுக்கு இடையே விட்ட தூரமும். மலிவான நீலக் கட்டைகளில் இந்தப் பிரிப்பு 1,500 வோல்ட் சோதனைக்குத்தான் தாங்கும். தொழிற்சாலைத் தரமுள்ள ரிலேக்கள் 4,000, 5,000 வோல்ட் சோதனையைத் தாண்டி வருகின்றன. மலிவு ரிலேயை வாங்கவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஐந்து வோல்ட் பக்கத்துக் கம்பிகளையும் வெறுங்கையால் தொடாத இடத்தில், மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்பதே பொருள்.

நீலக் கட்டையின் தலையில் ‘10 ஆம்பியர், 250 வோல்ட்’ என்று அச்சிட்டிருக்கும். பத்து ஆம்பியர் என்பது வெறும் வெப்பச் சுமைக்கான கணக்கு; இஸ்திரிப்பெட்டி, வெந்நீர்க் கம்பி மாதிரி. மோட்டாருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஐந்து ஹெச்.பி. மும்முனை மோட்டார் ஓட்டத்தில் ஏறத்தாழ ஏழரை ஆம்பியர் எடுக்கும். “பத்துக்குள்தானே இருக்கிறது” என்று தோன்றும் இடம் இதுதான். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் கணத்தில் அதே மோட்டார் ஆறேழு மடங்கு, அதாவது 45 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலேயின் புள்ளிகள் சேரும்போது ஒரு கணத்துக்குள் பல தடவை துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் தீப்பொறி. அந்தச் சூட்டில் இரண்டு புள்ளிகளும் உருகி ஒட்டிக்கொண்டால் கன்ட்ரோலர் ‘நிறுத்து’ என்று ஆயிரம் தடவை சொன்னாலும் மோட்டார் நிற்காது. செல்போனில் ‘ஆஃப்’ என்று காட்டும், கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் பம்பு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு மேல்தொட்டிக்கு ஏற்றும் ஒரு ஹெச்.பி. ஒற்றைமுனை மோட்டாருக்கும் நிலைமை ஏறத்தாழ இதேதான். கிளம்பும் இழுப்பு முப்பது ஆம்பியரைத் தொட்டுவிடும். பத்து நாள் ஓடியதை வைத்து அந்த ரிலே பாதுகாப்பானது என்று முடிவு கட்ட முடியாது.

அதனால்தான் ரிலே மணியக்காரராக இருக்கட்டும், மூட்டை சுமக்க வேண்டாம் என்கிறேன். சுமையைத் தாங்கத் தோட்டத்து மோட்டார் ரூமில் ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறது: ஸ்டார்ட்டருக்குள் இருக்கும், பெரிய ரிலே போன்ற கான்டாக்டர்.

பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த அந்தச் சாதாரண ஸ்டார்ட்டரின் உள்ளமைப்பு ஒரு நல்ல பாடம். பச்சையை அழுத்தினால் கான்டாக்டரின் சுருளுக்கு, அதாவது காயிலுக்கு, கரண்ட் போகும், கான்டாக்டர் இழுக்கும், அதனோடு சேர்ந்து ஒரு சிறு துணைப் புள்ளியும் மூடிக்கொண்டு, கையை எடுத்த பிறகும் காயிலைப் பிடித்து வைத்திருக்கும். சிவப்பு அந்தப் பிடியை வெட்டும். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் வெட்டும் ஓவர்லோடு ரிலேயின் மூடிய புள்ளியும் அதே வரிசையில் நிற்கும். கரண்ட் போனால் பிடி விடும். கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது பச்சையை அழுத்தும்வரை மோட்டார் கிளம்பாது. பல பத்தாண்டுகளாக உலகெங்கும் இந்த வடிவம் மாறாமல் நிற்பதற்குக் காரணம் அந்தக் கடைசிக் குணம்தான்.

இந்தச் சுற்றில் நம் சிறிய ரிலேக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒரு ரிலேயின் திறந்த முனையைப் பச்சைப் பொத்தானுக்குப் பக்கவாட்டில் இணைத்து, ஒன்றிரண்டு நொடி மட்டும் மூடித் திறக்க வைக்கலாம். விரல் செய்யும் வேலையை அது செய்யும். இன்னொரு ரிலேயைச் சிவப்புப் பொத்தானோடு வரிசையில் வைக்க வேண்டும். செல்போன் ஸ்டார்ட்டர்களும் அடிப்படையில் இதைத்தான் செய்கின்றன. ஓவர்லோடின் புள்ளியை எந்தச் சாக்கிலும் சுற்றிப் போகக் கூடாது. நவீன ஸ்டார்ட்டர்களில் காயிலுக்கு ஏ1, ஏ2; பிடிப்புப் புள்ளிக்கு 13, 14; ஓவர்லோடுக்கு 95, 96 என்று முனைகளிலேயே எண் அச்சிட்டிருக்கும் என்பதால் படம் பார்த்து இணைப்பது கடினமில்லை.

நிறுத்தும் ரிலேயை எந்த முனையில் இணைப்பது என்பதில் ஆட்களுக்குள் இரண்டு கட்சி. மூடிய முனையில் இணைத்தால் கன்ட்ரோலர் செத்தாலும் பழையபடி பொத்தானில் மோட்டார் ஓடும். உழவருக்கு இது பிடிக்கும். கருவி கெட்டதால் பயிர் காயக் கூடாது. திறந்த முனையில் இணைத்தால் கன்ட்ரோலர் உயிரோடு இருந்து ‘சரி’ சொல்லிக்கொண்டிருக்கும்வரைதான் மோட்டார் ஓடும். நான் இரண்டாம் கட்சி. ஆனால் அதோடு ‘ஆட்டோ – மேனுவல்’ என்று திருப்பும் ஒரு சுவிட்சும் வேண்டும். அதை மேனுவலில் வைத்தால் ரிலே முழுக்க விலகிவிடும், ஓவர்லோடு மட்டும் விலகாது.

வேளாண் ஸ்டார்ட்டரில் பலர் கவனிக்காத ஓர் ஆபத்து காயில் வோல்டேஜ். தோட்டத்து ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் காயில் நியூட்ரலைத் தேடுவதில்லை, இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட்டில் வேலை செய்யும். அப்படியானால் பொத்தானுக்குப் பக்கவாட்டில் இணைத்த நம் ரிலேயின் புள்ளியிலும் 415 வோல்ட்தான் நிற்கிறது. உச்சத்தில் அது 587 வோல்ட். கட்டையின் தலையிலோ 250 என்றுதான் எழுதியிருக்கிறது. ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மழைநாளில் புள்ளிகளுக்கு நடுவில் பொறி அணையாமல் நின்று பலகை கருகும். காயிலின் மேலேயே வோல்ட் அச்சிட்டிருக்கும், முதலில் அதைப் படிக்க வேண்டும். 415 என்றிருந்தால் ஒரு சிறு கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் வைத்து 24 வோல்ட் காயிலுக்கு மாறுவது மிகச் சுத்தமான தீர்வு. அந்த வோல்ட்டுக்கு ஏற்ற தொழிற்சாலை ரிலேயை நடுவில் வைப்பது அடுத்தது. நான்கு ரிலே உள்ள ஒரே பலகையில் ஒன்றில் சிவப்புப் பேஸ், பக்கத்தில் மஞ்சள் பேஸ் என்று கொண்டுவருவதும் இதே தப்பு. அடுத்தடுத்த முனைகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர்தான், அங்கேயும் 415.

காயில் ஒரு தூண்டல் சுமை. ரிலே அதை விடுவிக்கும்போது வரும் உதைப்பை அடக்க, காயிலின் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோபாரட் கண்டன்சரும் சேர்ந்த ஜோடி ஒன்று போடுவது வழக்கம். 275 வோல்ட் கண்டன்சரை 415-ல் போட்டுவிடக் கூடாது. இதே ஜோடியை ரிலே புள்ளியின் குறுக்கே போட்டால் 230 வோல்ட்டில் ஏழு மில்லி ஆம்பியர் எப்போதும் கசியும். அணைத்த எல்.இ.டி. விளக்கு இரவில் மங்கலாக மினுக்குவதன் ரகசியம் சில வேளை அதுதான், பேய் பிசாசு எதுவும் இல்லை.

கரண்ட் திரும்பும் கணத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கன்ட்ரோலர் விழிக்கும்போது அதன் சில கால்கள் கால் நொடி இங்குமங்கும் துடிக்கும். விளக்கென்றால் ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு அடங்கும். ஸ்டார்ட்டரிலோ அந்தக் கால் நொடி போதும். பிடிப்புப் புள்ளி பற்றிக்கொள்ளும், மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். விழிக்கும்போது அமைதியாக இருக்கும் காலைத் தேர்ந்தெடுப்பது, அதை ரிலே இழுக்காத நிலையில் பிடித்து வைக்க ஒரு ரெசிஸ்டர் போடுவது, கிளப்பும் ரிலேயைத் தனித்தனிக் கால்களிலிருந்து வரும் இரண்டு ரிலேக்களாக வரிசையில் வைப்பது: மூன்றில் ஏதாவது ஒன்றையாவது செய்யாத பெட்டியை நான் மோட்டார் ரூமில் மாட்ட மாட்டேன்.

ஏனென்றால் கொங்குக் கிணறுகளில் ஆள் இறங்குவார்கள். புட்வால்வ் அடைப்பை எடுக்க, பைப் மாற்ற, தூர் வார. மேலே ஆள் இல்லாத நேரத்தில் யாரோ திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு செல்போனை அழுத்தினால் கீழே இருப்பவரின் கதி என்ன? தொலைவிலிருந்து கிளப்பும் எந்த மோட்டாருக்கும் அதன் பக்கத்திலேயே மூன்று பேஸையும் வெட்டும் ஒரு ஐசொலேட்டர், அதில் பூட்டு மாட்ட ஒரு துளை, பூட்டின் சாவி இறங்குபவரின் இடுப்பில். இது இல்லாமல் ‘ஸ்மார்ட்’ மோட்டார் கூடாது. மென்பொருளில் ‘லாக்’ பொத்தான் வைத்திருக்கிறோம் என்பவர்களுக்கு ஒட்டிப்போன புள்ளியை ஒரு முறை காட்டினால் போதும்.

இருமுனை மின்சார நேரத்தில் கண்டன்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டும் பழக்கம் நம் பக்கம் பழையது. ஒரு பேஸ் போனபின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 1.7 மடங்கு கரண்ட் ஏறும், சுற்று கருகும். அந்த நிலையில் மோட்டாரை நிறுத்தும் ஒற்றைமுனைத் தடுப்பு ரிலேயின் புள்ளியும் காயில் வரிசையில்தான் வர வேண்டும். கண்டன்சர் வைத்த இடத்தில் கரண்டை வெட்டிய பிறகும் அது சார்ஜ் பிடித்து வைத்திருக்கும் என்பதை நினைவில் வைத்துத்தான் கை வைக்க வேண்டும்.

வீட்டுக்குள் வந்தால் விஷயம் எளிது. விளக்கு, மின்விசிறிக்கு நீலக் கட்டையே போதும், சில நிபந்தனைகளோடு. வெட்ட வேண்டியது பேஸை. நியூட்ரலை வெட்டினால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். பல்பு மாற்றுபவருக்கு அது தெரியாது. ரிலேக்கு முன்னால் அதற்கேற்ற எம்.சி.பி. அல்லது பியூஸ் வேண்டும். பதினாறு ஆம்பியர் எம்.சி.பி.யின் பின்னால் பத்து ஆம்பியர் ரிலே இருந்தால் முதலில் எரிவது ரிலேதான். நிறத்திலும் ஒரு பொறி. நம் ஊர்ப் பழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். வெளிநாட்டுக் கருவிகளின் கம்பியில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். மும்முனை போர்டில் நீலத்தை நியூட்ரல் என்று நம்பிக் கருவியை இணைத்தால் அதன் தலையில் 230-க்குப் பதில் 415 விழும். நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்ப வேண்டும்.

கோபிப் பகுதி பட்டுக்கூட்டுக்கும் பெயர் போனது. புழு வளர்ப்பு மனையில் இளம்புழுவுக்கு 27, 28 டிகிரியும், வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும், ஈரப்பதம் எழுபது எண்பது சதவீதத்துக்குக் குறையாமலும் வேண்டும். பனிக்கால இரவில் ஹீட்டர், கோடையில் தெளிப்பான். சென்சாரும் ரிலேயும் சேர்ந்தால் உழவருக்கு நிம்மதியான தூக்கம். ஹீட்டர் வெப்பச் சுமைதான் என்றாலும் 2,000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியர், மணிக்கணக்கில். பத்து ஆம்பியர் கட்டை அந்தச் சுமையில் சூடேறிக்கொண்டே இருக்கும். பலகையின் மெல்லிய செம்புத் தடமும் சேர்ந்து சூடாகும். இங்கேயும் ரிலேக்குப் பின் ஒரு கான்டாக்டர் நல்லது. அதற்கும் மேல், ரிலே ஒட்டிக்கொண்டால் ஹீட்டரைத் தானே வெட்டும் தெர்மோஸ்டாட் ஒன்று கன்ட்ரோலரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் வரிசையில் இருக்க வேண்டும். ஈரத்தரையும் வெறுங்காலுமாக நடமாடும் இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இந்த மனையில் எந்தப் பெட்டியும் மாட்டக் கூடாது. எர்த் கம்பி இல்லாத வீடுகளிலும் அது உயிர் காக்கும். எர்த் இருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

புள்ளியே இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலேயைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். ஹீட்டரை அடிக்கடி போட்டு நிறுத்த அது சிறந்தது, சத்தமில்லை, தேய்மானமில்லை. ஆனால் ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒரு வாட்டுக்கு மேல் சூடு கக்கும். அலுமினிய வெப்பத்தகடு இல்லாமல் 40 ஆம்பியர் என்று எழுதியதை நம்ப முடியாது. எழுத்தே பொய்யான சரக்கும் சந்தையில் உண்டு. கெட்டுப்போனால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும். அணைத்த நிலையிலும் கொஞ்சம் கசியும் என்பதால் ஆள் கைவைக்கும் இடத்தில் அதை ஐசொலேட்டராகக் கருதவே முடியாது. மோட்டாருக்கு எனக்கு அது பிடித்தமில்லை.

பெட்டி பற்றி. மோட்டார் ரூமில் எறும்பும் பல்லியும் நிரந்தரக் குடித்தனம். கான்டாக்டரின் இடுக்கில் எறும்பு புகுந்து புள்ளிகள் சேராமல் போவதும், பலகையின் மேல் பல்லி விழுந்து இரண்டு பேஸை இணைத்துவிட்டுத் தானும் கருகுவதும் வயர்மேன்கள் எல்லோரும் பார்த்த காட்சி. கம்பி நுழையும் ஒவ்வொரு துளைக்கும் கிளாண்டு, ரப்பர் வளையம் வைத்த மூடி, உள்ளே 230 வோல்ட்டுக்கும் ஐந்து வோல்ட்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு. இரும்புப் பெட்டியானால் பெட்டிக்கும் மூடிக்கும் எர்த். இழைக்கம்பியின் நுனியில் பெருல் அழுத்தாமல் திருகில் நுழைத்தால் ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொடும். தளர்ந்த திருகு சூடேறும், சூடேறிய திருகு இன்னும் தளரும். ஐந்து வோல்ட்டுக்காக ஏதோ ஒரு செல்போன் சார்ஜரை உடைத்து உள்ளே வைப்பது பரவலாக நடக்கிறது. பெயரில்லாத சார்ஜரின் உள்ளே இருபக்கப் பிரிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பது அதைச் செய்தவருக்கே தெரியாது. தரச்சான்று பெற்ற, மூடி வார்த்த மின்வழங்கி கிடைக்கும்போது அதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும், வயரிங்குக்கான ஐ.எஸ். 732-ம், எர்த்துக்கான ஐ.எஸ். 3043-ம் இருக்கின்றன. மின்வாரியக் கரண்டைத் தொடும் பகுதியைத் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் இணைக்க வேண்டும். ஐந்து வோல்ட் பக்கத்தைப் பையன் செய்யட்டும். அதில் அவனுக்குத்தான் கெட்டிக்காரத்தனம் அதிகம். இரண்டு பேரும் ஒரே பெட்டியைத் திறந்து ஒன்றாக உட்காரும் நாளில் நிறைய தப்பு வெளியே வந்துவிடும். மோட்டாரின் மூன்று கம்பியையும் கழற்றிவிட்டுக் கட்டுப்பாட்டுச் சுற்றை மட்டும் இருபது முப்பது தடவை இயக்கிப் பார்ப்பது, நடுவில் மெயினை இறக்கி ஏற்றுவது, சிக்னல் இல்லாதபடி ஆன்டெனாவைக் கழற்றிப் பார்ப்பது, கன்ட்ரோலரின் கரண்டை மட்டும் பிடுங்கிப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் அப்போதே செய்துவிடலாம். கைவைக்கும் முன் டெஸ்டரை நம்பாமல், தெரிந்த உயிர்க்கம்பியில் ஒரு தடவை மீட்டரைச் சோதித்து, பிறகு வெட்டிய கம்பியில் பார்த்து, மறுபடி உயிர்க்கம்பியில் சோதிக்கச் சொல்வார்கள். அது அதிகப்படி இல்லை.

பராமரிப்பு பற்றி வயர்மேன்களிடம் ஒரு சொல். கான்டாக்டர் புள்ளி கறுத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நம் பக்கத்துப் பழக்கம். அந்தப் புள்ளி வெள்ளிக் கலவை. மேலே படியும் கறுப்பு பெரும்பாலும் தீங்கில்லாதது. தேய்த்தால் வெள்ளி போய்விடும், உப்புத்தாள் துகள் உள்ளே தங்கும், அடுத்த சில கிளப்பலில் ஒட்டிக்கொள்ளும். குழி விழுந்து வடிவம் கெட்ட புள்ளிக்கு மாற்றுக் கிட் வாங்கி மூன்று பேஸுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீலக் கட்டைக்குக் கிட் கிடையாது. அதைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை, புதிதாக ஒன்று போட வேண்டும். அதனால் பலகையைப் பற்றவைக்கும்போதே கழற்றி மாட்டும் சாக்கெட் வைத்த ரிலேயாக வாங்கிவிட்டால், அறுவடை நேரத்தில் கெட்டாலும் ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.